வெளிச் சிலுவை

காசியம்மாளை அடக்கம் செய்த அன்று, வியாகுல மாதா கோயிலின் பங்குச் சாமியார் குழிமேட்டில் நின்று பிரசங்கம் செய்தார். "பொறுமையின் திருவுருவம் இந்தத் தாய். தன் நோயைச் சிலுவையாக ஏற்று, வாய் திறவாமல் சுமந்தவர்" என்றார். அவர் ஊருக்குப் புதியவர். யாரோ சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். சொல்லிக் கொடுத்தவர்கள் முன்வரிசையில் கைகட்டி நின்றார்கள். 1988ஆம் வருடத்து ஜூன் வெயில் மண்டையைப் பிளந்தது. எல்லோருக்கும் சீக்கிரம் வீடு போய்ச் சேர வேண்டும். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

அது பொய். காசியம்மாள் பொறுமைசாலி அல்ல, வாய் திறவாதவளும் அல்ல. உயிரோடு இருந்தவரை அவள் வாய்க்குப் பயந்தவர்கள், அந்த வாயில் மண் விழுந்ததும் அவளுக்குப் பொறுமைப் பட்டம் கட்டுகிறார்கள். ஏழையிடம் எடுத்துக்கொள்ள வேறொன்றும் இல்லாதபோது அவள் கோபத்தையும் எடுத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. அதையாவது அவளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவள் அடி அண்ணாமலைக்காரி. மானாவாரியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கேழ்வரகும் போட்டுப் பிழைத்த குடும்பம். செங்கத்துப் பக்கம் சுப்பன் என்பவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். முதுகில் ஒரு வெளுத்த படை வந்தது. பிறகு இடது கை மோதிரவிரல் மடங்கிக்கொண்டு நிமிர மறுத்தது. பொங்கலுக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பிய சுப்பன் திரும்ப அழைத்துப் போக வரவே இல்லை. வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று சேதி மட்டும் வந்தது. அப்பன் நிலத்துக் கோடியில் ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார். அம்மா சோற்றை வரப்பில் வைத்துவிட்டு, இருமிக் காட்டிவிட்டுப் போவாள்.

"எங்க வூட்டு நாய் தட்டுல வாய் வெச்சா கழுவி எடுத்துப்பாங்க. நான் வாய் வெச்சா ஒடச்சிப் போட்டாங்க" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். "நாயா பொறந்திருந்தாலும் வூட்டுக்குள்ள இருந்திருப்பேன்."

வரப்புச் சோறு வேண்டாம் என்று அவள் கிளம்பி வந்த இடம் மலை சுற்றும் பாதையின் ஓரம். அங்கே பெருநோய்க்காரர்களின் குடிசைகள் சில இருந்தன. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் மலை சுற்ற வருகிறவர்கள் எட்ட நின்று சில்லறையை எறிவார்கள். புண்ணியம் வேண்டும், ஆனால் பக்கத்தில் வர மாட்டார்கள்.

அந்தக் குடிசைகளுக்கு வாரம் ஒருமுறை மருத்துவ வண்டி ஒன்று வந்தது. அதில் வந்த கன்னிகாஸ்திரி ஒருத்தி, உறை போடாத கையால் காசியம்மாளின் கையைப் பிடித்து, கண்ணை மூடச் சொல்லி, இறகால் தடவி, எங்கே தெரிகிறது எங்கே தெரியவில்லை என்று கேட்டாள். கல்யாணம் முறிந்த பிறகு அவளைத் தொட்ட முதல் மனுஷக் கை அது. அடுத்த வருடம் காசியம்மாள் ஞானஸ்நானம் பெற்றாள். கத்தரீனாள் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

சாமியே இல்லை என்கிற நான் அவளோடு இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். "ஒரு சாமி கைவிட்டதுன்னு இன்னொரு சாமிகிட்ட போனியா?" என்று கேட்டேன்.

"சாமி கீறாரோ இல்லியோ எனக்குத் தெரியாது, நைனா" என்றாள். "அந்தக் கை இருந்துச்சு. அது பொய்யின்னு சொல்லு பாக்கலாம்."



மருத்துவ வண்டியில் கொடுத்த மாத்திரை வேலை செய்தது. சில வருடங்களில், நோய் போய்விட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நோய் போனாலும் மடங்கிய கைவிரல்கள் நிமிரவில்லை, தேய்ந்து போன கால்விரல்களும் திரும்பவில்லை. மடங்கிய கையோடு மணிக்கட்டில் துணி சுற்றிக் கத்தியைக் கட்டிக்கொண்டு, ஏரிக்கரையில் ஈச்ச ஓலை அறுத்துத் துடைப்பம் கட்டினாள். வாயால் கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுவாள். கைத்தொழில் ஒன்று வேண்டும், சோறு விற்றால் எவனும் வாங்க மாட்டான், துடைப்பம் என்றால் வாங்குவான் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த வேலையைப் பிடித்தாள். கணக்குத் தப்பவில்லை. ஊரில் பாதி வீடுகள் அவள் கட்டிய துடைப்பத்தால் சுத்தமாயின.

வியாகுல மாதா கோயிலுக்கும் அவள் ஓலை கொடுத்தாள். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் முடியும் தறுவாயில் குருத்தோலை ஞாயிறு வரும். ஜனங்கள் குருத்தைக் கையில் பிடித்துப் பவனி போவார்கள். தென்னங்குருத்துக்கு அந்தப் பக்கம் பஞ்சம் என்பதால் ஈச்சங்குருத்துதான். அறுத்துக் கட்டிக் கோயில் வாசலில் போட்டுவிட்டுப் போவாள். கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் தைரியநாதன் எடுத்து எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பார். ஜனங்கள் அதைச் சிலுவையாக மடித்து வீட்டுப் படத்துக்குப் பின்னால் ஒரு வருடம் செருகி வைப்பார்கள். மறுவருடம் தவக்காலம் தொடங்கும்போது அதைத் திரும்ப வாங்கி எரித்து, அந்தச் சாம்பலைத்தான் சாமியார் எல்லோர் நெற்றியிலும் பூசுவார். மண்ணாய் இருக்கிறாய், மண்ணாய்ப் போவாய் என்பது அதற்கு அர்த்தம். மனிதர் எல்லோரும் ஒன்று என்று சொல்ல இதைவிட நல்ல சடங்கு எங்கும் இல்லை. சடங்கு வரைக்கும் சரிதான்.

அந்தப் பங்கில் தவக்காலத் தொண்டுக் குழு என்று ஒன்று இருந்தது. தலைவர் இருதயசாமி, தேரடியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். வெள்ளிக்கிழமை தோறும் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்ததும், ஒருவேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருந்த வயிற்றோடு, குழு குடிசைகளுக்குக் கஞ்சி கொண்டு போகும். அகப்பையின் காம்பை இருதயசாமி தனியாகச் சொல்லி நீளமாகச் செய்ய வைத்திருந்தார். கஞ்சி ஊற்றுகிறவர் பாத்திரத்துக்கு ஒரு கை தூரத்தில் நிற்கலாம். அவர் மனைவி பிலோமினா மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு, "ஏசு உங்கள நேசிக்கறாரு" என்பாள்.

பக்கத்துக் குடிசைச் சந்திரம்மாளுக்கு எந்தச் சாமியும் சொந்தமில்லை, எல்லாச் சாமியின் சோறும் சொந்தம். அவள் ஒருநாள், "அவரு நேசிக்கறது இருக்கட்டும்மா, நீ கொஞ்சம் கிட்ட வந்து ஊத்து. பாதி கீழ ஊத்துது" என்றாள்.

காசியம்மாள் அந்தக் கஞ்சியை வாங்கியதில்லை. கஞ்சி அவளுக்கே இருந்தது. அவள் கேட்டது வேறு.

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயிலில் சிலுவையைப் பீடத்தின் முன் நிறுத்துவார்கள். ஜனங்கள் வரிசையாக வந்து, முழங்காலிட்டு, அதில் தொங்கும் இயேசுவின் பாதத்தில் முத்தமிடுவார்கள்; முத்தி செய்வது என்பார்கள். ஒருவர் முத்தி செய்ததும் பாதத்தை வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் காட்டுவார்கள். அந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதுதான் காசியம்மாளின் ஆசை. முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர், நடுவில் அவள். டாக்டர் நோய் இல்லை என்று சொன்னபின், 1979இல், குளித்து வெள்ளைப் புடவை கட்டி வரிசையில் போய் நின்றாள். இருதயசாமி வந்து அவள் புடவை முனையை, கையைத் தொடாமல் கவனமாக, பிடித்து இழுத்து வெளியே கொண்டுபோய் விட்டார்.

"ஏம்மா, கோயிலுக்குன்னு ஒரு மொற இல்ல? கொழந்தைங்கள்லாம் வாய் வெக்கற எடம்."

"எனக்கு நோய் இல்லைங்க மொதலாளி. டாக்டரு சொல்லிட்டாரு."

"டாக்டர் சொல்வாரு. வாய் வெக்கறது நாங்கதானே?"

அப்போதிருந்த பங்குச் சாமியார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சுலபம், எதிர்த்திருக்கலாம். அவர் சமாதானப் பிரியர். அடுத்த வருடம் பாண்டிச்சேரியிலிருந்து இன்னொரு சிலுவை வரவழைத்தார். ஒன்று கோயிலுக்குள்ளே, மற்றது வெளியே புங்க மரத்தடியில் உட்காரும் நோயாளிகளுக்கு. "ரெண்டும் ஒரே அச்சு, ஒரே பட்டறை, ஒரே வர்ணம். வித்தியாசம்னு ஒருத்தரும் மனசு நோகக் கூடாது" என்று பெருமையாகச் சொன்னார். பாகுபாட்டைச் செய்துவிட்டு அதற்குச் சமத்துவ வர்ணம் பூசுகிறவனைவிட, நேராக எட்டி உதைப்பவன் மேல்.

"இன்னாடி இது" என்றாள் காசியம்மாள் சந்திரம்மாளிடம். "அவங்களுக்கு அண்ணன் செத்தாரு, நமக்குத் தம்பி செத்தாரா?"

உள்ளே கடைசி ஆள் முத்தி செய்து முடித்த பிறகு உபதேசியார் வெளிச் சிலுவையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வருவார். காசியம்மாள் வருடா வருடம் போய் உட்கார்ந்தாள். முத்தியும் செய்தாள். செய்துவிட்டு ஒவ்வொரு வருடமும் உபதேசியாரிடம், "அடுத்த வருசமாவது உள்ள வுடச் சொல்லுங்க" என்றாள். ஒரு வருடம் தைரியநாதன் படியில் தடுக்கி விழுந்து, சிலுவை கல்லில் மோதி, இயேசுவின் வலது கால் சுண்டுவிரல் உடைந்து போயிற்று. கிழவர் அழுதே விட்டார்.

"வுடுங்க உபதேசியாரே" என்று காசியம்மாள் சிரித்தாள். "இப்பத்தான் நம்ம ஜாதியில சேந்துகினாரு."

1984 வந்தது. தவக்காலத்தின் கடைசி வாரங்களில் கோயிலிலுள்ள சிலுவைகளையும் சுரூபங்களையும் ஊதாத் துணியால் மூடிக் கட்டிவிடுவது வழக்கம். பெரிய வெள்ளியன்று, சாமியார் பாட்டுப் பாடி ஜனங்களின் முன்னால் அவிழ்க்கும் வரை அது மூடியே இருக்கும். உபதேசியார் ஒரே துணியைக் கிழித்து இரண்டு சிலுவைகளையும் தனித்தனியே மூடிக் கட்டினார். வழக்கமாக உள்சிலுவை பூசை உடுப்பு அறையில் இருக்கும், வெளிச்சிலுவை மணிக்கூண்டு அறையில் இருக்கும். அந்த வருடம் ஈஸ்டருக்காக வெள்ளையடித்தார்கள். வெள்ளையடித்த ஆட்கள் இரண்டையும் தூக்கி ஒரே மூலையில் சாய்த்து வைத்துவிட்டார்கள். தைரியநாதனுக்குக் கண்ணில் புரை. அவிழ்த்துப் பார்க்கவும் கூடாது. ஊதாத் துணிக்குள் இரண்டும் ஒன்று போலவே இருந்தன. அவர் ஒன்றை உள்ளே கொண்டு போனார்.

சாமியார் அவிழ்த்தார். ஊரே வரிசையில் வந்தது. ஜவுளிக்கடை இருதயசாமி, பிலோமினா, பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார்கள் எல்லோரும் முழங்காலிட்டு அந்தப் பாதத்தில் வாய் வைத்தார்கள். சுண்டுவிரல் இல்லாததை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. வருடம் தவறாமல் முத்தமிடுகிற காலை அவர்கள் ஒருநாளும் பார்த்ததே இல்லை.

பிறகு உபதேசியார் மற்ற சிலுவையை மரத்தடிக்குக் கொண்டு வந்தார். முன்னால் உட்கார்ந்திருந்த நோயாளிகள் முத்தி செய்தார்கள். காசியம்மாளின் முறை வந்தது. குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாடி, முத்தம் குடுக்காம மொறச்சிகினு கீற?" என்றாள் சந்திரம்மாள்.

"வெரலு முழுசா கீதுடி."

"யாருக்கு?"

"இவருக்கு."

சந்திரம்மாளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு தொடையில் தட்டிக்கொண்டு, வளாகமே கேட்கும்படி சிரித்தாள். "அய்ய! அப்ப உள்ள அவங்கோ வாய் வெச்சது நம்ம ஆளு காலுலயா? எல்லாருமா? ஜவுளிக்கடைக்காரருமா?"

பிலோமினா கஞ்சிப் பாத்திரத்தோடு அங்கேதான் வந்துகொண்டிருந்தாள். பாத்திரம் கீழே விழுந்தது.

அதன் பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். எதிர்ச்சாலையில் தேநீர்க்கடையில் இருந்தவன், சத்தம் கேட்டு ஓடினேன். கோயில் வளாகத்தில் ஒரே ஒரு குழாய். அந்தக் குழாயை நோக்கிப் பக்தர் கூட்டம் இடித்துத் தள்ளிக்கொண்டு போனது. வாயைக் கொப்பளித்தார்கள். காறித் துப்பினார்கள். குழந்தைகளின் உதட்டை மண்ணும் தண்ணீரும் போட்டுத் தேய்த்தார்கள், அவை வீறிட்டன. ஒருத்தி ஓரமாகப் போய் வாந்தியெடுத்தாள். யாரோ டெட்டால் வாங்க சைக்கிளில் ஓடினார்கள். தொழுநோயாளியைத் தொட்டுக் குணமாக்கினார் என்று எவரைப் பற்றி வாசிக்கிறார்களோ, அவர் செத்த நாளில், அவரை வாயிலிருந்து கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருந்தது அந்தக் கூட்டம். நான் சொன்னால் நாத்திகன் சொல்கிறான் என்பார்கள். குழாயடிச் சேறு சாட்சி.

இருதயசாமி மரத்தடிக்குப் பாய்ந்து வந்து, தைரியநாதன் கையிலிருந்த சிலுவையைப் பறித்தார்.

"எங்க சிலுவைய குடுங்கய்யா!"

பறித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதிலும் இப்போது நோயாளிகள் வாய் வைத்துவிட்டார்கள். உள்ளே இருப்பதும் தீட்டு, கையில் இருப்பதும் தீட்டு. எந்தச் சிலுவை தங்கள் சிலுவை என்று இனி அந்தப் பங்குக்குத் தெரியாது. நெருப்பைத் தொட்டவர் போலக் கையை உதறினார். சிலுவை கீழே விழுந்தது. பெரிய வெள்ளிக்கிழமை, கஞ்சி கொட்டிய மண்ணில், முகம் குப்புற.

காசியம்மாள் எழுந்தாள்.

"எடுங்க மொதலாளி."

அவர் எடுக்கவில்லை.

"கைய கழுவப் போறீங்களா? கழுவுங்க. வாய கழுவினீங்க. நெத்தியையும் கழுவுங்க. இந்த வருசம் ஒங்க நெத்தியில சாமி பூசின சாம்பலு எதுன்னு தெரியுமா? போன வருசம் நான் அறுத்தாந்த குருத்து. இந்தக் கையால அறுத்தது. ஒரு வருசம் ஒங்க வூட்டுல படத்துக்குப் பின்னால செருகி வெச்சிருந்தீங்க. வூட்ட கழுவுங்க. கடைய எதால பெருக்கறீங்க? என் தொடப்பத்தால. கடைய கழுவுங்க. இன்னும் இன்னா இன்னா கழுவணும்னு ஒவ்வொன்னா சொல்லட்டுமா?"

குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. பங்குச் சாமியார் படியில் நின்று, "சாந்தமா இரும்மா, இன்னிக்கு மௌன நாள்" என்றார். காசியம்மாள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புரை விழுந்த கண்ணோடு தரையைத் தடவிச் சிலுவையைத் தேடி எடுத்தவர் தைரியநாதன்தான்.

ஈஸ்டர் முடிந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வாழ்நாளெல்லாம் அந்தக் கோயில் மணியை அடித்தவர். இரண்டு சிலுவைகளையும் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். யாருக்கும் நோய் வரவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா? வந்திருந்தால்தான் அதிசயம். ஆனால் அறிவு நுழைய அங்கே கதவு இல்லை.

சாமியார் சமாதானம் பேசக் குடிசைக்கு வந்தார். "காசியம்மா, ஒங்களுக்குன்னு தனியா ஒரு பூசை வெக்கறேன். இங்கயே வந்து வெக்கறேன்."

"தனியா, தனியா" என்றாள் அவள். துடைப்பம் கட்டும் கயிற்றை வாயிலிருந்து எடுக்காமலே பேசினாள். "செத்தா தனியா ஒரு குழி குடுக்கப் போறீங்க. அதுவரைக்கும் ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எல்லாருகூடவும் வரிசையில நிக்க வுடுங்க சாமி. வேற ஒன்னும் வேணாம்."

"ஜனங்க மனசு மாறணும்மா. நாளாவும்."

"மாறச் சொல்லி நீங்க எப்ப சொன்னீங்க?"

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

1985இன் குருத்தோலை ஞாயிறுக்கு அவளிடம் ஓலை கேட்கவில்லை. எங்கிருந்தோ லாரியில் தென்னங்குருத்து வந்தது. இருதயசாமி பாண்டிச்சேரியிலிருந்து மூன்றாவதாக ஒரு சிலுவை வாங்கி வந்தார், முன்னதைவிடப் பெரியது. பெரிய வெள்ளியன்று காசியம்மாள் மரத்தடியில் உட்காரவில்லை. வெள்ளைப் புடவையோடு கோயிலுக்குள்ளே போய்ப் பின்சுவரோரம் நின்றாள். இழுக்க யாரும் வரவில்லை. போன வருடத்து வாய்க்குப் பயம். நான் அன்று வாசலைத் தாண்டி முதல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கோயிலுக்குள் நான் காலெடுத்து வைத்தது அந்த ஒருமுறைதான்.

சாமியார் ஊதாத் துணியை அவிழ்த்தார். வழக்கமாக இங்கே ஜனங்கள் எழுந்து வரிசைக்கு நகர வேண்டும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். "அன்பார்ந்தவர்களே, சுகாதாரத்தை முன்னிட்டு, இந்த ஆண்டு முதல் சிலுவை முத்தி கிடையாது. இருந்த இடத்திலிருந்தே தலைவணங்கினால் போதும். ஆண்டவர் நம் உள்ளத்தைப் பார்க்கிறார்."

எல்லோரும் தலைவணங்கினார்கள். அவளோடு ஒரு வரிசையில் நிற்பதைவிடத் தங்கள் கடவுளின் காலை விட்டுவிடுவதே மேல் என்று ஒரு ஊர் முடிவு செய்திருந்தது. கண் கூசாமல், ஒரே மாதிரி, சேர்ந்து தலைவணங்கினார்கள்.

குனிந்த தலைகளுக்கு நடுவே காசியம்மாள் நடந்தாள். விரல் இல்லாத காலில் நடப்பவள், டயர் செருப்பை வாசலில் விட்டிருந்தாள், அதனால் மெதுவாகத்தான் போக முடிந்தது. பீடத்தின் முன் முழங்காலிட்டாள். புதுச் சிலுவையின் பாதத்தைக் கிட்டத்தில் குனிந்து நன்றாகப் பார்த்தாள். பிறகு முத்தி செய்தாள்.

சாமியார் கையில் வெள்ளைத் துணி இருந்தது. பழக்கத்தில் எடுத்து வந்திருப்பார். துடைப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. இருதயசாமியைப் பார்த்தார்.

காசியம்மாள் தன் முந்தானையை எடுத்து, அந்தப் பாதத்தைத் தானே துடைத்தாள். அடுத்து வருகிறவருக்காக. துடைத்துவிட்டு, வழிவிட்டு, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றாள்.

யாரும் வரவில்லை. வழிபாடு முடியும் வரை அவள் அங்கேயே நின்றாள்.